சின்னக் கார்களுக்கு என்ன ஆயிற்று? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து ஆண்டுகளுக்கு முன், நான்கு லட்ச ரூபாயோடு ஷோரூமுக்குப் போனவருக்கு எதை எடுப்பது என்பதுதான் குழப்பம். ஆல்டோ, இயான், குவிட், டட்சன் கோ, ஸ்பார்க், நானோ என்று வரிசை நீளும். இப்போது அந்தப் பட்டியல் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஏன் இப்படி ஆனது, இனி என்ன ஆகும் என்று பலரும் கேட்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். பேச்சு முழுவதும் இந்தியச் சந்தையைப் பற்றியது. வெளிநாட்டுக்கு ஒரு கேள்வி மட்டும் ஒதுக்கியிருக்கிறேன்.

எதைச் சின்னக் கார் என்கிறீர்கள்?

அரசாங்கத்துக்கு ஒரு கணக்கு, வாங்குகிறவருக்கு வேறு கணக்கு. வரித்துறையைப் பொறுத்தவரை 4 மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினோ 1500 சிசிக்கு மிகாத டீசல் எஞ்சினோ இருந்தால் அது சிறிய கார். இந்தக் கணக்கில் ஏழெட்டு லட்சத்துக்கு விற்கும் வண்டிகளும் சிறியவைதான்.

இந்தப் பக்கத்தில் நான் அந்தப் பொருளில் எழுதவில்லை. ஸ்கூட்டரிலோ பைக்கிலோ போய்க்கொண்டிருந்த குடும்பம் முதன்முதலாக வாங்கும் புதுக் காரைத்தான் சின்னக் கார் என்கிறேன். ஆல்டோ, எஸ்-பிரஸ்ஸோ, குவிட் இந்த வகை. சற்று மேலே வேகன் ஆர், செலேரியோ, டியாகோ.

உண்மையிலேயே குறைந்துவிட்டதா? தெருவுக்கு நான்கு ஆல்டோ நிற்கிறதே.

நிற்பவை பழையவை. புது விற்பனையைப் பாருங்கள். 2018-19இல் இந்தியாவில் விற்ற கார்களில் உயரமான எஸ்யூவி உள்ளிட்ட பயன்பாட்டு வாகனங்களின் பங்கு ஏறக்குறைய 28 சதவீதம். 2024-25இல் அது 65 சதவீதம். அதே காலத்தில் ஹேட்ச்பேக்கும் (வால் இல்லாத கார்) செடானும் (பின்னால் தனி டிக்கி நீண்ட கார்) சேர்ந்த 'பயணிகள் கார்' என்ற பிரிவின் விற்பனை 22 லட்சத்திலிருந்து பதின்மூன்றரை லட்சமாக இறங்கியது. மொத்தச் சந்தை சுருங்கியிருந்தால் இதற்குச் சமாதானம் சொல்லலாம். சுருங்கவில்லை, 34 லட்சத்திலிருந்து 43 லட்சமாக வளர்ந்திருக்கிறது.

ஒரு மாடலை மட்டும் எடுத்துக்கொண்டால் வீழ்ச்சி இன்னும் துலக்கமாகத் தெரியும். 2010-11இல் ஆல்டோ மட்டுமே 3 லட்சத்துக்கு மேல் விற்றது. 2024-25இல் ஆல்டோவும் எஸ்-பிரஸ்ஸோவும் சேர்ந்தே ஒன்றேகால் லட்சத்தைச் சுற்றித்தான் விற்றன. 2004 தொடங்கித் தொடர்ந்து பதினான்கு ஆண்டுகள் நாட்டில் அதிகம் விற்ற கார் ஆல்டோ. 2018இல் அந்த இடத்தை மாருதியின் இன்னொரு காரான டிசையர் பிடித்தது. 2024இல் டாடா பன்ச் முதலிடத்துக்கு வந்தது. மாருதி அல்லாத ஒரு வண்டி ஆண்டின் முதலிடத்தைப் பிடித்தது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

ஆனால் இந்தப் புள்ளிவிவரத்தில் ஒரு கண்கட்டு இருக்கிறது. அதைப் பன்ச் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எந்தெந்தக் கார்கள் நின்றுபோயின?

மாருதி 800 முதலில். 1983 டிசம்பரில் முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். 2010இல் பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் பெருநகரங்களில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. அதன் இடத்துக்கு வந்த ஆல்டோ 800 என்ற மாடலும் 2023இல் போய்விட்டது. இப்போது ஷோரூமில் இருக்கும் ஆல்டோ கே10 ஒரு லிட்டர் எஞ்சின் கொண்டது.

மற்ற கம்பெனிகளின் கதை பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே நடந்தது. ஹூண்டாய் இந்தியாவில் முதன்முதலாகச் செய்த கார் சான்ட்ரோ. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. மாருதிக்கு உண்மையான போட்டி என்ன என்பதை அதுதான் முதலில் காட்டியது. பிறகு அதே ஆலையில் ஐ10, இயான். 2014இல் நிறுத்தப்பட்ட சான்ட்ரோவை 2018இல் புது உடம்போடு மீண்டும் கொண்டுவந்தார்கள். 2022இல் அதுவும் நின்றது. இயானும் இல்லை. ஒரகடத்தில் நிஸான் மைக்ரா செய்யப்பட்டு ஐரோப்பா வரை போனது; இந்தியாவில் 2020இல் விடைபெற்றது. அதே ஒரகடத்தில்தான் டட்சன் கோவும் ரெடிகோவும் பிறந்தன. 2022இல் டட்சன் என்ற பெயரையே நிஸான் இந்தியாவில் மூடியது. மறைமலைநகரில் 2010இல் தொடங்கிய ஃபோர்டு ஃபிகோ நன்றாகவே விற்ற வண்டி. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தபோது அந்தப் பெயரும் போயிற்று.

ஒரகடத்துக் கூட்டத்தில் இன்னும் மிஞ்சியிருப்பது ரெனோ குவிட். 2015இல் 2.57 லட்ச ரூபாய்க்கு வந்தபோது முன்பதிவு குவிந்தது. எஸ்யூவி போல நிமிர்ந்து நின்ற சின்னக் கார் அது. மக்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்பதற்கான முதல் அடையாளம் அதிலேயே இருந்தது. பலரும் அப்போது அதை வெறும் வடிவமைப்பு உத்தியாகத்தான் பார்த்தார்கள்.

சென்னைக்கு வெளியே: செவர்லே ஸ்பார்க், ஹோண்டா பிரியோ, ஃபோக்ஸ்வாகன் போலோ, டாடா நானோ. இதில் போலோ நம் கணக்கில் சின்னக் கார் அல்ல, விலை அதிகம். அதன் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதற்காகச் சேர்த்தேன்.

விலை ஏன் இவ்வளவு ஏறியது?

2012இல் ஆல்டோ 800 டெல்லியில் 2.44 லட்சத்துக்கு வந்தது. 2023இல் நிறுத்தும்போது அதன் தொடக்க விலை 3.54 லட்சம். 2025 தொடக்கத்தில் ஆறு ஏர்பேக்குகளோடு ஆல்டோ கே10 விலை 4.23 லட்சம்.

ஏறியதில் பெரும்பகுதி 2018க்கும் 2023க்கும் இடையில், விதிகள் வரிசையாக வந்த காலத்தில் ஏறியது. 2018 செப்டம்பர் முதல், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, புதுக் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். 2019இல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக், ஓட்டுநர் ஏர்பேக், பின்பக்கம் நிறுத்த உதவும் சென்சார், மோதல் சோதனையில் தேற வேண்டும் என்ற கட்டாயம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6. 2021 முடிவுக்குள் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் கட்டாயம். 2023 ஏப்ரலில், ஆய்வகத்தில் மட்டுமல்லாமல் சாலையில் ஓடும்போதும் புகையை அளக்கும் பிஎஸ்-6 இரண்டாம் கட்டம். ஆல்டோ 800 இந்தக் கடைசிப் படியில்தான் விழுந்தது. அந்தப் பழைய எஞ்சினைத் திருத்தச் செலவு செய்வது கட்டுப்படியாகாது என்று மாருதி விட்டுவிட்டது.

ஏர்பேக்கின் விலை நான்கு லட்ச ரூபாய்க் காருக்கும் பதினான்கு லட்ச ரூபாய்க் காருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். புகை வடிகட்டும் கருவியும் அப்படியே. பெரிய வண்டியில் அந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது. சின்ன வண்டியிலோ, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அப்படியானால் பாதுகாப்பு விதிகள்தான் சின்னக் காரைக் கொன்றனவா?

கார்க் கம்பெனிகள் அப்படித்தான் சொல்கின்றன. மாருதியின் தலைவர் ஆர். சி. பார்கவா இதைப் பல ஆண்டுகளாக ஒவ்வொரு மேடையிலும் சொல்லிவருகிறார்: விதிகள் விலையை ஏற்றின, இருசக்கர வாகனத்திலிருந்து காருக்கு ஏறும் படி உடைந்துவிட்டது என்று.

பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க 2014க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகியவற்றின் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள் அவை. ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். ஆண்டு இறுதியில் டட்சன் கோவும் பூஜ்யம் வாங்கியது. இதே கம்பெனிகள் ஐரோப்பாவுக்கு அனுப்பிய வண்டிகளில் ஏர்பேக் வைக்கத் தெரிந்தவைதான். விதி வராமல் அவை தாமாக வைத்திருக்கும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. விலை குறைவு என்பதில் ஒரு பகுதி, வாங்குகிறவரின் உயிரிலிருந்து பிடித்தம் செய்த தள்ளுபடியாக இருந்தது.

இன்னொன்று. விலைவாசியோடு சேர்த்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி. அரசின் அப்போதைய நுகர்வோர் விலைக் குறியீடு 2012ஐ 100 என்று வைத்துத் தொடங்கியது; 2025இல் அது 200ஐ நெருங்கியது. அதாவது பொதுவான விலைவாசி ஏறக்குறைய இரட்டிப்பு. அந்தக் கணக்கில் 2012இன் 2.44 லட்சம் இன்றைக்கு 4.8 லட்சத்துக்குச் சமம். ஆனால் ஆறு ஏர்பேக்கும் பெரிய எஞ்சினும் கொண்ட ஆல்டோ அதைவிடக் குறைவாகவே விற்கிறது. அரிசி, பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை ஆகியவற்றோடு ஒப்பிட்டால் ஆல்டோ மலிந்திருக்கிறது!

பிறகு ஏன் யாரும் வாங்கவில்லை?

வாங்க வேண்டியவருடைய சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. சம்பளம் ஏறியவரோ ஆல்டோவை வாங்க விரும்பவில்லை. என் கருத்தில் விஷயத்தின் மையம் இதுதான்.

2005இல் ஆல்டோ வாங்கியவர் யார்? வங்கி எழுத்தர், அரசுப் பள்ளி ஆசிரியர், சின்னதாகக் கடை வைத்தவர், ஆலையில் நிரந்தர வேலையில் இருந்தவர். அவர்களில் பலர் இன்றைக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது கார் வாங்குகிறார்கள். ஏற்கெனவே ஒரு சின்னக் காரை வீட்டில் வைத்திருப்பவர் அதே அளவில் இன்னொன்றை எடுப்பதில்லை. எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு மேலே போகிறார். அவருக்குப் பின்னால் வர வேண்டிய அடுத்த வரிசை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒப்பந்த வேலை, கொரோனாவில் கரைந்த சேமிப்பு, உயர்ந்த வாடகை. இருசக்கர வாகனம் மட்டும் 2024-25இல் இந்தியாவில் 1.96 கோடி விற்றிருக்கிறது. ஏறக் காத்திருப்பவர்களுக்குப் பஞ்சமில்லை, ஏறுவதற்குத்தான் வழியில்லை.

ஸ்கூட்டரின் ஆன்ரோடு விலை ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது. ஆல்டோ ஆன்ரோடு நாலேகால், நாலரை. இந்த இடைவெளியில் புதுக் கார் ஏறக்குறைய இல்லை.

நானோ அந்த இடைவெளியை நிரப்பத்தானே வந்தது?

ஆம். 2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் ரத்தன் டாடா அதை ஓட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். 624 சிசி, இரண்டு சிலிண்டர், ஒரு லட்ச ரூபாய். மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலப் போராட்டம் வெடித்து ஆலையை குஜராத்தின் சானந்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதில் ஆரம்ப வேகம் போனது. சில வண்டிகள் தீப்பிடித்ததும் பெயரைக் கெடுத்தது. பின்கதவு திறக்காது, சாமான் வைக்க இருக்கையை மடக்க வேண்டும். 2015இல்தான் திறக்கும் கதவு வந்தது. 2018இல் உற்பத்தி ஏறத்தாழ முடிந்துவிட்டது.

இவையெல்லாம் இருந்தும் நானோவை வீழ்த்தியது அதன் விளம்பரமே. 'உலகிலேயே மலிவான கார்' என்று ஊரறியச் சொல்லிவிட்டால், அதை வாங்கி வாசலில் நிறுத்துகிறவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் எதைச் சொல்லிப் பெருமைப்படுவார்? கார் வாங்குவது நம்மிடையே போக்குவரத்துச் செலவு மட்டும் அல்ல. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, கோவில் வாசலில் நிறுத்திப் படம் எடுக்கும் காரியம் அது. மலிவு என்ற முத்திரை தவறாகப் போய்விட்டது என்பதை ரத்தன் டாடாவே பின்னர் ஒப்புக்கொண்டார்.

4 மீட்டர் விதி என்கிறார்களே, அது என்ன?

2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நோக்கம் தெளிவு: இந்தியா சிறிய கார் செய்யும் நாடாக வேண்டும். சிறிய கார் என்றால் 4 மீட்டர் நீளத்துக்குள், முன்சொன்ன எஞ்சின் அளவுக்குள் இருக்க வேண்டும்.

ஹேட்ச்பேக் செய்பவர்கள் மகிழ்ந்தார்கள். கூடவே மற்றவர்கள் அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2008இல் டாடா தன் இண்டிகோ செடானின் வாலை நறுக்கி இண்டிகோ சிஎஸ் ஆக்கியது. 2012இல் டிசையரும் 3,995 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. 2013இல் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு எக்கோஸ்போர்ட் வந்தது: நீளம் 3,999 மில்லிமீட்டர்! அதன் பிறகு பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ என்று ஒரு படையே அந்தக் கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் உள்ளே வந்து நின்றது.

நீளத்தையும் எஞ்சினையும் மட்டும் அளந்த சட்டம் எடையை அளக்கவில்லை, விலையை அளக்கவில்லை, உயரத்தை அளக்கவில்லை. ஆகவே ஏழைக்கென்று திறந்த சலுகைக் கதவில் நடுத்தரத்துக்கு மேலிருந்தவர்களும் நுழைந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சட்டப்படியே நுழைந்தார்கள். ஆனால் ஆல்டோவுக்கும் எட்டு லட்ச ரூபாய் எஸ்யூவிக்கும் ஒரே வரி என்றானபின், ஆல்டோவுக்கு இருந்த ஒரே சலுகை போய்விட்டது.

டாடா பன்ச் எஸ்யூவியா, சின்னக் காரா?

கண்கட்டு என்றேனே, இதுதான். 2021இல் வந்த பன்ச்சின் நீளம் 3,827 மில்லிமீட்டர். இப்போதைய ஸ்விஃப்ட் 3,860. எஸ்யூவி என்று எண்ணப்படும் அந்தப் பன்ச், ஹேட்ச்பேக் என்று எண்ணப்படும் ஸ்விஃப்டை விட நீளத்தில் குறைவு. அடித்தளம் அல்ட்ராஸ் ஹேட்ச்பேக்கினுடையது. ஹூண்டாய் எக்ஸ்டரின் அடித்தளம் ஐ10 நியோஸ். மாருதி ஃபிராங்க்ஸின் அடித்தளம் பலேனோ.

ஆக, 65 சதவீதம் எஸ்யூவி என்ற எண்ணில் ஒரு நல்ல பங்கு, கால்களை நீட்டிக்கொண்டு எழுந்து நின்ற ஹேட்ச்பேக்குகள்தான். சற்று உயரம், அகலமான சக்கர வளைவு, கூரைமேல் கம்பி, தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் கூடுதல் இடைவெளி (கிரவுண்ட் கிளியரன்ஸ்). வேகத்தடையும் பள்ளமும் மழைநீரும் நிறைந்த நம் சாலையில் இந்த உயரம் வீண் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. முழங்கால் வலிக்கும் அம்மா ஆல்டோவுக்குள் குனிந்து இறங்கி உட்கார வேண்டும். பன்ச்சில் அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்துவிடலாம். ஷோரூமில் பல குடும்பங்களின் முடிவு அந்த ஒரு நிமிடத்தில் மாறிவிடுகிறது.

கம்பெனிக்கு எதில் லாபம்?

உயரமானதில். அதே அடித்தளம், அதே எஞ்சின், பெரும்பாலும் அதே ஆலை. விற்கும் விலை மட்டும் கூடுதல். ஆல்டோ போன்ற காரில் ஒரு வண்டிக்குக் கிடைப்பது சொற்பம். லட்சக்கணக்கில் விற்றால்தான் முதலீடு திரும்பும். விற்பனை குறையத் தொடங்கினால் ஒரு வண்டிக்கான செலவு ஏறும். விலையை ஏற்றினால் விற்பனை மேலும் குறையும். இந்தச் சுழலில் சிக்கியதும் மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகின. மாருதியால் மட்டும் நிற்க முடிந்ததற்குக் காரணம், பல மாடல்களுக்கு ஒரே எஞ்சினையும் உதிரிப்பாகங்களையும் பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு அதன் உற்பத்தி பெரிது.

மாதத் தவணைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறைய. 9 சதவீத வட்டி, ஏழு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 1,610 ரூபாய் தவணை. 4 லட்சக் கடனுக்கு 6,440. ஆறரை லட்சத்துக்கு 10,460. விற்பனையாளர் உங்களிடம் "இரண்டரை லட்சம் கூடுதல்" என்று சொல்ல மாட்டார். "மாதம் நாலாயிரம்தான் சார் வித்தியாசம்" என்பார். அந்த நாலாயிரத்துக்கு உயரமும் பெரிய திரையும் கிடைக்கிறது என்றால் கை தானாகப் பெரியதைக் காட்டுகிறது.

அந்த ஆறரை லட்சத்துக்கு ஏழு ஆண்டில் வட்டி மட்டும் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள் என்பதை யாரும் எழுதிக் காட்டுவதில்லை. நீங்களே எழுதிப் பாருங்கள்.

முதல் கார் வாங்குகிறவர்கள் இப்போது எங்கே போகிறார்கள்?

பழைய கார்ச் சந்தைக்கு. இந்தியாவில் ஆண்டுதோறும் கைமாறும் பழைய கார்களின் எண்ணிக்கை புதுக் கார் விற்பனையைத் தாண்டிவிட்டது. நாலரை லட்ச ரூபாய்க்குப் புது ஆல்டோ எடுப்பதா, ஐந்தாறு ஆண்டு ஓடிய ஸ்விஃப்டோ ஐ20யோ எடுப்பதா என்றால், பலர் இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் வாழ்நாள் சாலை வரியை முதல் உரிமையாளர் கட்டிவிடுகிறார். இரண்டாவதாக வாங்குகிறவருக்கு அந்தச் செலவு இல்லை. புது வண்டியின் மதிப்பு வேகமாக இறங்கும் முதல் சில ஆண்டுகளின் நஷ்டமும் முன்னவர் தலையில்.

விற்பவர் தனிநபராக இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது. பதிவு செய்த வியாபாரி என்றால், அவருடைய லாபத் தொகைக்கு மட்டும் 18 சதவீதம். காரின் முழு விலைக்கு அல்ல. இதைப் பற்றி 2024 கடைசியில் பெரிய குழப்பம் கிளம்பியது, அதனால் சொல்கிறேன்.

ஆனால் இந்தச் சந்தைக்கே இனி ஒரு சிக்கல் வரப்போகிறது. இன்றைய புதுச் சின்னக் கார்தான் ஐந்தாண்டு கழித்துப் பழைய சின்னக் கார். இப்போது விற்பனை குறைந்தால், அப்போது தேடுகிறவருக்குக் கிடைக்காது.

2025 செப்டம்பரில் வரி குறைத்தார்களே, நிலைமை மாறிவிட்டதா?

ஓரளவு மாறியது. செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத இழப்பீட்டு வரியும் போய் 18 சதவீதம் ஆயிற்று. பெரிய கார்களுக்கு 40. ஆல்டோ கே10 தொடக்க விலை 3.70 லட்சத்துக்கு இறங்கியது. எஸ்-பிரஸ்ஸோ 4.26 லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம். வரிக் குறைப்பை மட்டும் கணக்கிட்டால் எஸ்-பிரஸ்ஸோ 3.90 லட்சத்துக்குத்தான் வந்திருக்க வேண்டும். மீதி நாற்பதாயிரத்தை மாருதி தானாகக் குறைத்தது. அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மாருதிக்கு மனமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். நவராத்திரியின் முதல் நாளான அன்று ஒரே நாளில் ஏறக்குறைய 30 ஆயிரம் கார்களை ஒப்படைத்ததாக அந்தக் கம்பெனி சொன்னது.

ஆனால் அதே 18 சதவீதம் பன்ச்சுக்கும் பொருந்தும். அதுவும் ஐந்தரை லட்சத்துக்கு இறங்கியது. எல்லாப் படிகளும் சேர்ந்து தாழ்ந்தனவே தவிர, படிகளுக்கு இடையிலான தூரம் பெரிதாக மாறவில்லை. ஒரு பண்டிகைக் கால விற்பனையை வைத்துச் சின்னக் கார் பிழைத்துவிட்டது என்று கொண்டாட நான் தயாராக இல்லை.

தமிழ்நாட்டில் சாலை வரி எவ்வளவு?

2023 நவம்பர் முதல்: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அதற்கு முன்பு 10 லட்சம் வரை எல்லாவற்றுக்கும் 10 சதவீதம்தான். மத்திய அரசு வரியைக் குறைத்த கதையைச் சொல்பவர்கள் மாநிலம் ஏற்றியதை மறந்துவிடுகிறார்கள். 5 லட்சத்துக்கு உட்பட்ட காருக்கு இன்னும் தாராளமாகச் சலுகை கொடுத்திருக்கலாம். ஒரு சதவீத வித்தியாசம் யாருடைய முடிவையும் மாற்றாது.

வெளிநாடுகளில் எப்படி?

ஐரோப்பாவிலும் இதே கதை. 1976 முதல் வந்த ஃபோர்டு ஃபியஸ்டா 2023 ஜூலையில் முடிந்தது. ஃபோக்ஸ்வாகன் அப் அதே ஆண்டு. பியூஜோ 108, சித்ரோயன் சி1 அதற்கும் முன்பே. அமெரிக்காவில் செவர்லே ஸ்பார்க், ஹோண்டா ஃபிட் போய்விட்டன. அங்கே மலிவான புதுக் கார் என்ற பேச்சே ஏறக்குறைய இல்லை.

மாறாக நிற்பது ஜப்பான். அங்கே 'கெய்' என்ற சிறிய கார் வகைக்குச் சட்டம் நீளம், அகலம், உயரம், எஞ்சின் நான்கையும் கட்டியிருக்கிறது: 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 660 சிசி. அதற்குள் நின்றால் வரி குறைவு, பல ஊர்களில் நிறுத்துமிட விதியும் தளர்வு. புதுக் காரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்றும் கெய்தான். நம் மாருதி 800 அந்த வம்சத்தில் வந்தது. சுசுகியின் கெய் காருக்குச் சற்றுப் பெரிய எஞ்சின் வைத்ததுதான் அது. நாம் நீளத்தை 4 மீட்டர் என்று தாராளமாக விட்டோம், அகலத்தையும் உயரத்தையும் விட்டுவிட்டோம். பலன் கண்முன் இருக்கிறது.

மின்சாரக் கார் அந்த இடத்தைப் பிடிக்குமா?

இப்போதைக்கு இல்லை. டியாகோ மின்கார் 2022இல் 8.49 லட்சத்துக்கும், மூன்று மீட்டருக்கும் குறைவான எம்ஜி காமெட் 2023இல் 7.98 லட்சத்துக்கும் வந்தன. ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டுமே இருந்தும் இந்த விலை. ஊருக்குள் ஓட்ட இரண்டாவது கார் தேடுபவருக்கு அவை சரி. தீபாவளிக்கு ஊருக்குப் போக ஒரே கார் வைத்திருப்பவருக்கும், அடுக்குமாடியில் சார்ஜ் செய்ய இடமில்லாதவருக்கும் உதவாது.

சின்னக் கார் என்றால் ஆபத்தா?

பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் உண்டு, மாடலுக்கு மாடலும் வித்தியாசம் உண்டு. 2023 குளோபல் என்கேப் சோதனையில் இரண்டு ஏர்பேக் கொண்ட ஆல்டோ கே10 இரண்டு நட்சத்திரம், வேகன் ஆர் ஒன்று. பன்ச் 2021இலேயே ஐந்து வாங்கியது. அளவு மட்டுமே காரணம் என்றால் 3.8 மீட்டர் பன்ச்சுக்கு ஐந்து கிடைத்திருக்காது. வாங்கும் முன் அந்த மாடலின் மதிப்பீட்டைப் பாருங்கள். ஏர்பேக் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், பயணிகள் உட்காரும் கூண்டு நசுங்கினால் ஆறு ஏர்பேக் இருந்தும் பயன் குறைவு.

இப்போது ஆல்டோ, குவிட் போன்றவற்றை வாங்கலாமா? நாளை நிறுத்திவிட்டால்?

ஊருக்குள் ஓட்ட, குறுகிய தெருவில் நிறுத்த, புதிதாக ஓட்டக் கற்றவருக்கு, இரண்டு மூன்று பேர் குடும்பத்துக்கு: தாராளமாக வாங்கலாம். ஆல்டோ கே10 அதிகாரபூர்வ மைலேஜ் லிட்டருக்கு 24 கிலோமீட்டருக்கு மேல். நடைமுறையில் அதைவிடக் குறையும், அப்போதும் பன்ச்சை விடக் கூடுதலாகத் தரும். மாருதி எதையாவது நிறுத்தினாலும் உதிரிப்பாகம் பற்றிக் கவலை வேண்டாம். அதே எஞ்சின் மற்ற மாடல்களிலும் இருக்கிறது. வாரம்தோறும் நெடுஞ்சாலையில் நால்வராகப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், கொஞ்சம் பொறுத்து மேல் படிக்குப் போங்கள்.

2027 விதி சின்னக் காருக்கு நல்லதா கெட்டதா?

ஒரு கம்பெனி விற்கும் எல்லாக் கார்களின் சராசரி எரிபொருள் செலவுக்கு அரசு வரம்பு வைக்கிறது. அந்த வரம்பு எடையைப் பொறுத்தது. கனமான காருக்குச் சற்றுத் தளர்வு, இலேசான காருக்கு இறுக்கம். ஏற்கெனவே குறைவாகக் குடிக்கும் ஆல்டோவிடம் இன்னும் குறைத்துக்கொள் என்று கேட்பதில் நியாயம் இல்லை என்பது மாருதியின் வாதம். 2027 ஏப்ரல் முதல் தொடங்கவிருக்கும் அடுத்த கட்டத்துக்காக 2025 செப்டம்பரில் வந்த வரைவில், 909 கிலோவுக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்குத் தனிச் சலுகை இருந்தது. அந்த எடைக்குள் கார் வைத்திருப்பது பெரும்பாலும் மாருதிதான் என்பதால் மற்ற கம்பெனிகள் எதிர்த்தன. கம்பெனிச் சண்டையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், எது சிறிய கார் என்று தீர்மானிப்பதில் முதன்முறையாக எடையைக் கணக்கில் கொண்டுவரப் பார்த்தது நல்லதுதான். 2006இலேயே செய்திருக்க வேண்டியது.

டீசல் சின்னக் கார் மீண்டும் வருமா?

வராது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசலை விட்டுவிட்டது. சிறிய டீசல் எஞ்சினை பிஎஸ்-6க்கு மாற்றும் செலவு அந்த விலைக்குள் அடங்காது. நிறைய ஓட்டுகிறவர்களுக்கு இப்போது சிஎன்ஜி எரிவாயுதான் வழி. ஆல்டோ கே10 கிலோவுக்கு 33 கிலோமீட்டருக்கு மேல் கொடுக்கும் என்கிறது கம்பெனி. டிக்கியில் பாதிக்கு மேல் சிலிண்டர் அடைத்துக்கொள்ளும், பையை எங்கே வைப்பது என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.